டாங்கியை மறித்த ஈட்டிக்காரன்

1991இல் சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ கணினி ஆட்டத்தில் ஒரு கூத்து நடக்கும். டாங்கியின் தாக்கும் வலு 10. ஈட்டிப்படையின் தற்காப்பு 2. ஆனால் ஊருக்கு மதில் இருந்தால் அந்த 2 மூன்று மடங்காகிவிடும். சண்டை முடிவதோ ஒரே வீச்சில்: ஒரு தரப்பு பிழைக்கும், மற்றது சுவடின்றி அழியும். நவீன டாங்கி பழங்கால ஈட்டிக்காரனிடம் மண்ணைக் கவ்வுவது ஆட்டக்காரர்களிடையே தீராத கேலியானது.

1996இல் வந்த இரண்டாம் பாகம் இதற்கு மருந்து தேடியது. படைகளுக்கு உயிர்ப்புள்ளிகளும் சுடுதிறனும் தரப்பட்டன. சண்டை பல சுற்றுகளாக நீண்டதால் குருட்டு அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அடங்கியது. வென்ற படையும் காயத்தோடுதான் நின்றது.

அடுத்த தலைவலி, ஒரே கட்டத்தில் படைகளைக் குவித்து மொத்தமாக நகர்த்துவது. 2010இல் ஐந்தாம் பாகத்தை வடிவமைத்த ஜான் ஷேஃபர், ‘பான்சர் ஜெனரல்’ ஆட்டத்தின் தாக்கத்தில் சதுரங்களை அறுகோணங்களாக்கினார். கட்டத்துக்கு ஒரு போர்ப்படைதான் என்றார். வில்லாளிகள் பின்னால் நின்று எய்ய, கணவாயை ஒரே படை காத்தது. அழகான யோசனைதான்! ஆனால் கணினி எதிரி திணறியது. குறுகிய வழிகளில் அதன் படைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

2016இல் ஆறாம் பாகம் சற்றே இறங்கிவந்தது: ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒரே வகைப் படைகள் இரண்டை, பிறகு மூன்றை இணைத்துக்கொள்ளலாம்.