இன்சூரன்ஸ் கம்பெனி நொடிந்துபோனால் உங்கள் மருத்துவக் காப்பீடு என்ன ஆகும்?

திருவொற்றியூரில் குடியிருந்து மணலியில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் மாதம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இஎஸ்ஐ வரம்பிலிருந்து வெளியே வந்துவிட்டார். அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையை இனி நம்பியிருக்க முடியாது என்று, தனியார் நிறுவனம் ஒன்றில் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து 3 வருஷமாக பிரீமியம் கட்டி வருகிறார். திடீரென்று ஒருநாள், "அந்த கம்பெனி நஷ்டத்துல இருக்காம், மூடப் போறாங்களாம்" என்று வாட்ஸ்அப்பில் தகவல் வருகிறது. கட்டின பணம் போச்சா? நாளைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தால் யார் பணம் கொடுப்பார்கள்?

கம்பெனி திடீரென மூட முடியுமா?

முடியாது. காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிப்பது ஐஆர்டிஏஐ என்ற ஒழுங்குமுறை ஆணையம். கொடுக்க வேண்டிய கடன்களையும் கிளெய்ம்களையும் கழித்த பிறகும் ஒவ்வொரு நிறுவனமும் கையில் குறிப்பிட்ட அளவு உபரிப் பணம் வைத்திருக்க வேண்டும். இதைத்தான் சால்வென்சி என்கிறார்கள். சட்டப்படி தேவையான உபரி 100 ரூபாய் என்றால், 150 ரூபாய் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி.

இந்த விகிதம் 150 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஆணையம் தலையிடலாம். அதாவது பெட்டி காலியாவதற்கு முன்பே மணி அடித்துவிடும்.

நிஜமாக நடந்தது என்ன?

2019-ல் ரிலையன்ஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் விஷயத்தில் இதுதான் நடந்தது. நிறுவனம் தொடங்கி முழுசாக 2 வருஷம்கூட ஆகவில்லை. 2019 ஜூன் இறுதியில் அதன் சால்வென்சி 106 சதவீதமாக இருந்தது. சரிசெய்யச் சொல்லியும் மேலும் சரிந்ததால், அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் புதிய பாலிசி விற்கக் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. இருந்த பாலிசிகளின் பொறுப்பும் நிதிச் சொத்துகளும் ரிலையன்ஸ் ஜெனரல் இன்சூரன்ஸுக்கு மாற்றப்பட்டன. பழைய பாலிசிதாரர்களின் கிளெய்ம்களைக் கொடுக்கும் கடமையும் அந்த நிறுவனத்துக்கே போனது.

ஆயுள் காப்பீட்டில் சஹாரா இந்தியா லைஃப் இன்னொரு உதாரணம். 2017 ஜூனில் ஆணையம் அங்கே நிர்வாகி ஒருவரை நியமித்தது. 2023 ஜூன் 2-ம் தேதி சுமார் 2 லட்சம் பாலிசிகளை எஸ்பிஐ லைஃப் நிறுவனத்திடம் ஒப்படைக்க ஆணையம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு வரவே 6 வருஷம் ஆனது.

வங்கி டெபாசிட் மாதிரி உத்தரவாதம் உண்டா?

வங்கி திவாலானால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு கிடைக்கும். காப்பீட்டு நிறுவனங்களுக்கு இந்தியாவில் அப்படி ஒரு நிதி இல்லை. எல்ஐசி பாலிசிகளுக்கு மட்டும் சட்டப்படி மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் பாலிசிதாரர்களைப் பாதுகாக்க தனித் திட்டங்களே இருக்கின்றன.

வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்ள முன்வராவிட்டால் கடைசி வழி, தீர்ப்பாயம் மூலம் நிறுவனத்தைக் கலைப்பது. அப்போது சொத்துகளை விற்று வரும் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு?

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பகுதிகளில் பலரும் நம்பியிருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை. இதற்கான பிரீமியத்தை மாநில அரசு கட்டுகிறது. திட்டத்தை நடத்துவது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ்.

இந்த நிறுவனமும் நேஷனல், ஓரியண்டல் நிறுவனங்களும் சமீப ஆண்டுகளில் சால்வென்சியில் தடுமாறியவைதான். ஆனால் 2019-20 முதல் 2021-22 வரை மத்திய அரசு இந்த மூன்றுக்கும் 17,450 கோடி ரூபாய் மூலதனம் கொடுத்தது. இஎஸ்ஐ இந்தக் கணக்கிலேயே வராது. அது 1948-ம் ஆண்டு சட்டத்தின்படி உருவான அரசு அமைப்பு.

பயத்தில் செய்யும் பெரிய தவறு

கம்பெனி பற்றி வதந்தி வந்ததும் "இனி எதுக்குக் கட்டணும்?" என்று பிரீமியத்தை நிறுத்துவதுதான் உண்மையான நஷ்டம். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்று ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசி அறுந்துபோனால் அதுவரை காத்திருந்த வருஷங்கள் வீண். புதிதாக எடுக்கும்போது எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். வயது கூடியிருப்பதால் பிரீமியமும் ஏறியிருக்கும்.

என்ன செய்யலாம்?

* நிறுவனத்தின் இணையதளத்தில் 'பொது வெளியீடு' பகுதியில் 3 மாதத்துக்கு ஒருமுறை சால்வென்சி விகிதம் வெளியாகும். 150-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

* மாற நினைத்தால் பாலிசியை விட்டுவிடாமல் 'போர்ட்டபிலிட்டி' மூலம் மாறுங்கள். பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு, காத்திருந்த காலம் கூடவே வரும். ஆனால் புது நிறுவனம் விண்ணப்பத்தை மறுக்கவும் செய்யலாம். அதனால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. பதில் வரும்வரை பழைய பாலிசி உயிரோடு இருக்கட்டும்.

* வேலை செய்யும் இடத்தில் எடுத்த குரூப் பாலிசி என்றால் ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். எந்த கம்பெனி, எதுவரை என்று ஹெச்ஆரிடம் கேட்டு வையுங்கள்.

* பாலிசி நகல், பிரீமியம் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்களைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் கைமாறும்போது உங்கள் உரிமையைக் காட்டுவது இவைதான்.

* கிளெய்ம் இழுத்தடிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஐஆர்டிஏஐ உதவி எண் 155255. ஒரு மாதத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.