“இருண்ட கண்டம்”: இளமையில் வாசித்த மிஷனெரி சரித்திரம் ஒன்றைக் குறித்து

என் தகப்பனார் காலஞ்சென்ற பின்பு, பரணிலிருந்த தகரப் பெட்டியொன்றைத் திறந்து பார்க்க நேரிட்டது. பழைய ஜெபப் புத்தகங்கள், சபைக் கணக்கு ஏடுகள் ஆகியவற்றின் அடியில் அட்டையும் தலைப்புப் பக்கமும் இழந்த சிறு நூலொன்று கிடந்தது. அது டேவிட் லிவிங்ஸ்டனின் ஜீவிய சரித்திரம். எனக்குப் பத்து வயதாயிருந்தபோது ஓய்வுநாள் பள்ளித் தேர்வில் பரிசாகப் பெற்றது. சிங்கம் அவருடைய தோளைக் கவ்விய பக்கம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. நான் ஊழியத்திற்கு வந்ததற்கு இந்நூலும் ஒரு காரணம் என்று குருப்பட்டம் பெற்ற நாளில் சாட்சி சொன்னவன் நான்.

அன்றிரவே அதனை மறுபடியும் வாசித்து முடித்தேன். சிறுவனாயிருந்தபோது ஒரு தடையுமின்றிக் கடந்து சென்ற சொற்கள் இப்பொழுது பக்கத்திற்குப் பக்கம் காலை இடறின. “காட்டுமிராண்டிகள்”, “நீக்ரோக்கள்”, “இருளின் பிள்ளைகள்” என்பன அவற்றுட் சில. அச்சொற்களைவிட என்னை அதிகமாய்த் துன்புறுத்தியது வேறொன்று. அந்நூலில் ஆப்பிரிக்கர் ஏராளமாய் வருகின்றனர். பாரம் சுமக்கின்றனர், படகு தள்ளுகின்றனர், முழங்கால்படியிடுகின்றனர். ஆனால் அவர்களுள் ஒருவருக்கேனும் பெயர் இல்லை.

சிங்கத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1844இல் மபோட்சா என்னுமிடத்தில் அது நிகழ்ந்தது. என் நூலின்படி, “ஒரு கறுப்பு வேலையாள்” துப்பாக்கியை நீட்டவே, சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டு அவன்மீது பாய்ந்தது. அந்த “வேலையாள்” மெபால்வே என்பவர். அவர் வேலைக்காரர் அல்லர். போதிக்கும் பணியில் லிவிங்ஸ்டனோடிருந்த உபதேசியார். நமது நாட்டுப்புறச் சபைகளை உபதேசிமார் எவ்வாறு தாங்கினரோ, அவ்வாறே அவரும் அங்கே தாங்கினார். லிவிங்ஸ்டன் தாமே தமது 1857ஆம் ஆண்டுப் பயண நூலில் மெபால்வேயின் பெயரை எழுதியிருக்கிறார். பின்னால் வந்த சிறுவர் நூலாசிரியரே அதனை விட்டுவிட்டார். சுருக்கி எழுதுகிறவர் எதை வெட்டுகிறார் என்பதிலேயே அவர் எவரை மனிதராக மதிக்கிறார் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

“இருண்ட கண்டம்” என்னும் தொடரும் இத்தகையதே. அந்நூலில் அது குறைந்தது இருபது இடங்களில் வருகின்றது. லிவிங்ஸ்டனின் வாயில் பிறந்த சொல்லைப்போல நாம் அதனைப் பிரசங்கங்களில் வழங்கிவந்தோம். அதனை உலகெங்கும் பரப்பியது ஹென்றி ஸ்டான்லி 1878இல் வெளியிட்ட நூலின் தலைப்பாகும். அப்பொழுது லிவிங்ஸ்டன் மரித்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நமது இறையியற் கல்லூரிகளில் தெர்த்துல்லியனையும், சிப்பிரியானையும், அத்தனாசியுவையும், அகுஸ்தீனையும் முதலாண்டிலேயே கற்பிக்கிறோம். இவர்கள் யாவரும் ஆப்பிரிக்கக் கண்டத்தில் வாழ்ந்து ஊழியஞ்செய்தவர்கள். நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியு, ஃப்ருமென்தியுவைப் பேராயராக அபிஷேகம்பண்ணி அக்சூமுக்கு அனுப்பினார். ஸ்காத்லாந்தில் நற்செய்தி வேரூன்றுமுன்னரே எத்தியோப்பியாவில் திருச்சபை நிலைபெற்றிருந்தது. இவ்வளவும் அறிந்திருந்தும், மிஷனெரி ஞாயிறு வந்தவுடன் நாமே அக்கண்டத்தை இருட்டாக்கிவிடுகிறோம்! வரலாற்று வகுப்பில் கற்பது பிரசங்க பீடத்திற்கு வருமுன் எங்கே தொலைந்துபோகிறது என்பது என் நெடுநாளைய ஐயம்.

என் நூலில் “காப்பிரிகள்” என்றொரு சொல்லும் உண்டு. அரபு மொழியில் அதன் மூலச்சொல்லுக்கு அவிசுவாசி என்று பொருள். அராபிய வணிகர் கிழக்காப்பிரிக்கரை அவ்வாறு அழைத்தனர். போர்த்துக்கீசர் அவர்களிடமிருந்து அதனைக் கற்றனர். அவர்கள் வழியாய்த் தமிழுக்கும் வந்தது. சமயத்தைக் குறித்த சொல் நாளடைவில் தோலின் நிறத்தையும் தலைமயிரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இன்று அது சட்டத்தால் தண்டிக்கப்படத்தக்க வசைச்சொல். இதற்கு எதிர்த்திசையில் சென்ற சொல்லொன்றும் உண்டு. 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கென ஒப்பந்தமாகி நேட்டாலுக்கு வந்த முதற்கப்பல் அது. அதில் இறங்கியவர்களையும் அவர்கள் மக்களையும் வெள்ளையர் “கூலி” என்றே அழைத்தனர். உழைப்பின் ஊதியத்தைக் குறிக்க நாம் வழங்கிய தமிழ்ச்சொல், நம்மவரையே இழிக்கும் பெயராய் அங்கே திரும்பி வந்தது. ஒரே துறைமுகத்தில் ஒருவனுக்குக் “காப்பிரி”, மற்றவனுக்குக் “கூலி”!

இத்தகைய சொற்களால் நாம் காயப்பட்டதில்லையா? 1819இல் ரெஜினால்ட் ஹீபர், ஆசியாவை ஒருமுறையும் காணாதவராய், ரெக்சம் நகரிலிருந்து ஒரு மிஷனெரி கீதம் எழுதினார். இலங்கையின் இயற்கையைப் புகழ்ந்துவிட்டு அங்குள்ள மனிதனை மட்டும் இழிந்தவன் என்றும், மரத்தையும் கல்லையும் வணங்கும் குருடன் என்றும் அது பாடுகின்றது. பின்னர் அவர் கல்கத்தாவின் பேராயராகி இந்நாட்டிற்கு வந்தார். 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் திடப்படுத்தல் ஆராதனை நடத்திய அன்றே மரித்து, அங்குள்ள ஆலயத்தில் அடக்கம்பண்ணப்பட்டார். அவருடைய இந்தியப் பயணக் குறிப்புகளில் இந்நாட்டு மக்களைப்பற்றிய மதிப்பு வளர்ந்து வருவதைக் காணலாம். ஆயினும் உலகம் பாடியது அந்தக் கீதத்தையே. 1925 ஜூலையில் கல்கத்தாவில் மிஷனெரிமார் முன்பு பேசிய காந்தியடிகள், அவ்வரிகள் தம்மை எப்பொழுதும் தைத்துக்கொண்டிருந்தன என்று கூறினார். நம்மைக் குறித்து எழுதப்பட்டபோது தைத்த முள், ஆப்பிரிக்கரைக் குறித்து நாமே வாசித்தபோது ஏன் தைக்கவில்லை?

ஈண்டு ஒன்றை அறிக்கைசெய்ய வேண்டியவனாயிருக்கிறேன். எனக்குப் பதினொரு வயதில், மிஷனெரி ஞாயிறன்று எங்கள் சபையில் லிவிங்ஸ்டன் நாடகம் போட்டார்கள். சற்று வெளுத்த நிறமுடைய பையன் ஒருவன் லிவிங்ஸ்டன். ஆப்பிரிக்கராக நடித்த எங்களுக்கு அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசினர். என் பக்கத்தில் நின்ற நண்பனிடம் வந்தபோது பூசியவர், “உனக்குக் கரி தேவையில்லை” என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் ஊருக்கு வெளியேயிருந்த தெருவிலிருந்து வருகிறவன். சிரித்தவர்கள் எதற்காகச் சிரித்தார்கள் என்பது அவனுக்கு எங்களைவிட நன்றாய்த் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறு முதல் அவன் ஓய்வுநாள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லையென்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாதி ஒழிய வேண்டுமென்று பிற்காலத்தில் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். இந்தச் சிரிப்பு என் நினைவிற்கு வந்தது அந்நூலைத் திரும்ப வாசித்த இரவில்தான்.

லிவிங்ஸ்டனை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. பத்து வயதிலேயே பஞ்சாலைக்கு வேலைக்குச் சென்ற அந்த ஸ்காத்லாந்துச் சிறுவன், அடிமை வியாபாரத்தை உலகின் கண்முன் நிறுத்தியவர். 1871 ஜூலை 15ஆம் தேதி நியாங்வே சந்தையில் நூற்றுக்கணக்கானோர் சுடப்பட்டும் நீரில் மூழ்கியும் மாண்டதை அவர் கண்ணாரக் கண்டார். அராபியரின் கணக்குப்படியே இறந்தோர் 330க்கும் 400க்கும் இடைப்பட்டோர். அவர் அனுப்பிய செய்தி பிரித்தானிய மக்களை உலுக்கிற்று. 1873 ஜூன் மாதத்தில் சன்சிபாரின் அடிமைச் சந்தை மூடப்படுவதற்கு அது துணைநின்றது. ஆனால் என் நூல் சொல்லாத பகுதி ஒன்றுண்டு. அப்பொழுது அவரோடிருந்தோருள் பலர், சன்சிபாரில் வாணிகம் செய்த இந்தியப் பனியா வணிகருக்குச் சொந்தமான அடிமைகள். அந்நாட்களில் தாள் தீர்ந்துபோகவே, பழைய செய்தித்தாளின்மீது காட்டு விதைச் சாற்றினால் அவர் எழுதிய குறிப்புகள் மங்கிக் கிடந்தன. சிறப்பு ஒளிப்பட முறையினால் 2011இல் அவை படிக்கப்பட்டன. தாமே பின்னர் நாட்குறிப்பில் பெயர்த்தெழுதியபோது லிவிங்ஸ்டன் சிலவற்றை மாற்றியும் மென்மையாக்கியும் இருக்கிறார் என்று அவற்றை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். அடிமைத்தனம் அராபியரின் பாவம் என்று மட்டுமே படித்து வளர்ந்த எனக்கு, அதில் இந்தியப் பணமும் இருந்தது என்பது புதிய செய்தி.

சேச்சேலேயின் வரலாறும் சொல்லப்பட வேண்டியதே. லிவிங்ஸ்டனின் கையால் 1848இல் ஞானஸ்நானம் பெற்ற குவேனா மக்களின் தலைவர் அவர். எழுத்துகளை ஒரே நாளில் கற்றுக்கொண்டவர். உங்கள் முன்னோர் இச்செய்தியை ஏன் எங்கள் முன்னோருக்கு முன்னமே அறிவிக்கவில்லை என்று அவர் கேட்ட கேள்விக்கு எந்த மிஷனெரியும் இன்றுவரை சரியான விடை கூறவில்லை. தாம் தள்ளிவைத்திருந்த மனைவியருள் ஒருத்தி கருவுற்றதால் அவர் திருவிருந்தினின்று விலக்கப்பட்டார். லிவிங்ஸ்டன் அவ்விடம்விட்டுப் போய்விட்டார்; என் நூலும் அத்துடன் அவரை விட்டுவிடுகிறது. சேச்சேலேயோ வேதத்தை விடவில்லை. தம் மக்களுக்குத் தாமே வாசிக்கக் கற்பித்தார், ஜெபம் நடத்தினார், பிரசங்கித்தார். லண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய லிவிங்ஸ்டனின் நிலையான கனி என்று சொல்லத்தக்கவர் அவரே. அதே சங்கத்தின் ஊழியத்தால் வளர்ந்த நாகர்கோவில் பகுதியாருக்கு, மிஷனெரி போன பின்பும் சபையைச் சுமந்த சுதேச ஊழியரைப்பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய நூல்களை மறுபதிப்புச் செய்கையில் தகாத சொற்களை நீக்கிவிடலாமே என்று மாணவர் சிலர் என்னிடம் கூறினர். சிறுவர் கையில் கொடுப்பதற்கு அது தேவையாயிருக்கலாம். ஆனால் “காட்டுமிராண்டி”யை எடுத்துவிட்டு “பழங்குடி மனிதர்” என்று போட்டாலும், அவர் பெயரற்றவராய், முழங்கால்படியிட்டவராகவே நிற்பார். சொல்லை மாற்றுவது எளிது. காணாமற்போன ஆளைத் தேடிக் கொண்டுவருவதே கடினம். இறையியல் மாணவர்க்கோ பழைய பதிப்பையே கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. நம்முடைய பாட்டன்மார் எதைக் குடித்து வளர்ந்தனர் என்பதை அவர்கள் அறியட்டும்.

நூலின் கடைசிப் படம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டு கறுப்பு மனிதர் கழியில் கட்டிய பொதியைத் தோளிற் சுமந்து செல்கின்றனர். கீழே “உண்மையுள்ள ஊழியக்காரர்” என்று மட்டும் அச்சிடப்பட்டிருக்கின்றது. 1873 மே மாதத் தொடக்கத்தில், இன்று சாம்பியா எனப்படும் நாட்டில், சித்தாம்போவின் கிராமத்தில் லிவிங்ஸ்டன் மரித்தார். உடன் இருந்தோர் அவருடைய இருதயத்தை மரத்தடியில் புதைத்து, உடலை வெயிலில் உலர்த்திக் கட்டி, ஆயிரம் மைலுக்கு மேல் கடற்கரைவரை சுமந்தனர். இதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் சென்றது. வழியில் சிலர் மாண்டனர். இடைவழியிலேயே புதைத்துவிடலாம் என்று ஆங்கில அதிகாரியொருவர் கூறிய யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. அவர்களை நடத்தியவர்கள் சூசியும் சூமாவும். சூமா பம்பாயில் டாக்டர் ஜான் வில்சனின் பள்ளியில் பயின்று 1865இல் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றவர். சமையல் செய்த ஹலிமா என்னும் பெண்ணும் அக்கூட்டத்தில் இருந்தார். மரத்தடியில் அடக்க ஆராதனையை வாசித்தவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, நாசிக்கில் திருச்சபை மிஷனெரி சங்கத்தின் பள்ளியில் கல்வி கற்றவர். ஆப்பிரிக்கக் காட்டில் அந்த ஜெபங்களை வாசித்த நா, இந்திய மண்ணில் வாசிக்கப் பழகிய நா.

1874 ஏப்ரல் 18ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நடைபெற்ற அடக்கத்திற்கு வெயின்ரைட் அழைத்து வரப்பட்டார். சூசியும் சூமாவும் அதன்பின்னரே இங்கிலாந்து வந்து, லிவிங்ஸ்டனின் கடைசி நாட்குறிப்புகளைப் பதிப்பிக்க உதவினர். பேராலயத்தின் கல்லில் உண்மையுள்ள கைகள் அவரைக் கொண்டுவந்தன என்று பொறித்திருக்கின்றனர்; அக்கைகள் யாருடையவை என்று பொறிக்கவில்லை. ஆனால் சித்தாம்போவின் மரத்தில் வெயின்ரைட் தம் கையால் செதுக்கியபோது, லிவிங்ஸ்டனின் பெயரோடும் தேதியோடும் யசூசா, ம்னியசேரே, ஊசோபெரே என்னும் மூன்று பெயர்களையும் சேர்த்தே செதுக்கினார். 1899இல் அம்மரம் வெட்டப்பட்டு, எழுத்துள்ள பகுதி லண்டனிலுள்ள புவியியற் சங்கத்திற்கு அனுப்பப்பட்டது.

அந்தப் படத்தின் கீழே பென்சிலால் இப்பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். மெபால்வேயின் பெயரைச் சிங்கத்தின் பக்கத்தில் எழுதினேன். நாடகத்தில் என் பக்கத்தில் நின்றவனுடைய பெயரை எழுத அந்நூலில் இடமில்லை; அவன் வீடு இருந்த தெருவுக்கு இம்மாதம் ஒருமுறை போய்வர எண்ணியிருக்கிறேன்.