குலுக்கல் பரிசும் ஓர் அஞ்சல்தலையும்



கார் பரிசு, வீடு பரிசு என்று இணையத்தில் நடைபெறும் குலுக்கல்கள் சூதாட்டமா எனப் பெற்றோர் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. இவ்வினா இங்கிலாந்தில் மிகப் பழையது.

துறைமுகங்களைச் செப்பனிடப் பொருள் வேண்டி, முதலாம் எலிசபெத் அரசியார் பரிசுச்சீட்டுத் திட்டத்தை 1567இல் அறிவித்தார். 1569இல் இலண்டன் புனித பவுல் பேராலய வாயிலில் குலுக்கல் நடந்தது. பின்னர்த் தனியார் குலுக்கல்களில் ஏமாற்று மலியவே, 1698ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தடுத்தது. 1826இல் அரசுச் சீட்டும் நின்றது.

பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் மூன்று கூறுகளைப் பார்க்கிறது: கட்டணம், பரிசு, அதிர்ஷ்டம். மூன்றும் சேர்ந்தால் அது பரிசுச்சீட்டு. பொதுவாக அதனைத் தனியார் இலாபத்திற்கு நடத்தலாகாது. எனவே நிறுவனங்கள், சாதாரண அஞ்சலில் இலவசமாகப் பங்கேற்கும் வழியொன்றையும் வைக்கின்றன. அஞ்சல்தலைச் செலவைச் சட்டம் கட்டணமாகக் கொள்வதில்லை. வேறு சிலர் கேள்வியொன்றைக் கேட்டு, ‘அறிவுப் போட்டி’ என்பர். கணிசமானோரைத் தடுத்து நிறுத்தாத எளிய கேள்வி சட்டத்தின்முன் நில்லாது.

ஆயினும், சட்டத்திற்கு உட்பட்டதெல்லாம் நியாயமாகிவிடுமா? ஒருவர் நொடியில் நூறு சீட்டு வாங்க, மற்றவர் ஒவ்வொரு வாய்ப்புக்கும் கடிதம் எழுத வேண்டுமாயின், அங்குச் சமவாய்ப்பு ஏட்டளவில்தான்.

நம் நாட்டுச் சட்டம் வேறு. அதனைத் தனியே அறிதல் வேண்டும். எந்நாட்டிலும் மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள் இவை: மொத்தச் சீட்டுகள் எத்தனை? குலுக்குபவர் யார்? இலாபம் யாருக்கு?

இவற்றை வகுப்பிலும் வீட்டிலும் பேசுவோம்.