இறுக்கு என்றார்கள், தளர்த்து என்கிறார்கள்

பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கெகல் பயிற்சி புதிதல்ல. சிறுநீரை அடக்குவதுபோல் அடியிடுப்புத் தசைகளை இறுக்கு, விடு, மறுபடி இறுக்கு. ஆனால் பிறப்புறுப்பிலும் அடியிடுப்பிலும் மாதக்கணக்காக வலி என்று வருபவரிடம் பிசியோதெரபிஸ்ட் சொல்வது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும்: முதலில் தளர்த்தப் பழகுங்கள். இந்தத் திருப்பம் வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கதையைத் தொடங்கி வைத்தவரோ மருத்துவர்கூட அல்ல, ஸ்வீடன் ராணுவ மேஜர்.

வாள்வீச்சு ஆசிரியர் பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அந்த மரபில் வந்தவர்தான் அந்த மேஜர், தூரே பிராண்ட்; வெளித்தள்ளிய மலக்குடலோடு தவித்த ஒரு சிப்பாய்க்கு வயிற்றின் மேலிருந்தே குடலைக் கையால் தூக்கிச் சரிசெய்தார். குடல் ஏறுமென்றால் கர்ப்பப்பை ஏறாதா? 1861இல் கர்ப்பப்பை இறங்கிய பெண்களிடம் அதே வித்தையைக் காட்டினார். கூடவே தசையை வலுவாக்கும் பயிற்சிகள். ஜெர்மனியின் யேனா நகரப் பேராசிரியர் ஷுல்ட்சே அவரை வரவழைத்து, நோயாளிகளிடம் செய்துகாட்டச் சொன்னார். வித்தை எல்லை தாண்டியது.

இப்படிக் கையால் செய்யும் மசாஜ் சிகிச்சை பரவியபோது போலிகளும் பெருகின. லண்டனில் மசாஜ் பலகை மாட்டிய விடுதிகளில் வேறு தொழில் நடப்பதை 1894இல் ஒரு மருத்துவ இதழ் அம்பலப்படுத்தியது. தொழிலின் மானம் காக்க நான்கு செவிலியர் சங்கம் அமைத்தார்கள். இன்றைய பிரிட்டன் பிசியோதெரபிஸ்ட் சங்கத்தின் வேர் அதுதான். அடியிடுப்பு என்றாலே இந்தத் தொழில் நெடுங்காலம் கூசியதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் ஒரு கருவியோடு வந்தார். யோனிக்குள் காற்றுக் குழல், வெளியே அளவுமானி. இறுக்கினால் முள் ஏறும். சரியான தசைதான் இயங்குகிறதா என்று விரலாலும் சோதிப்பார். பின்னால் வந்தவர்கள் கருவியையும் சோதனையையும் கழற்றிவிட்டு ‘இறுக்கு’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சிறுநீர்க் கசிவுக்குச் சரி. வலிக்கும் அதையே சொன்னதில்தான் வினை. வலி வந்தால் தசை தற்காப்புக்காக இறுகுகிறது. இறுகிய தசை மேலும் வலிக்கிறது. நாளெல்லாம் முஷ்டியை மடக்கியே வைத்திருப்பவரிடம் இன்னும் அழுத்தி மடக்கு என்பதா?

தளர்த்தும் வழி தனியாக வந்துகொண்டிருந்தது. 1937இல் ஜார்ஜ் தீல் என்ற அமெரிக்க மருத்துவர், வால் எலும்பு வலிக்கு மலக்குடல் வழியாக விரலைச் செலுத்தித் தசையை நீவினார். ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலியைக் கவனித்த ஜேனட் டிராவல், தசைக்குள் இருக்கும் வலி முடிச்சுகளைப் படம் வரைந்து காட்டினார். அந்த முடிச்சு மருத்துவம் பின்னர் ஸ்டான்ஃபோர்டில் புராஸ்டேட் அழற்சி என்று பெயரிடப்பட்ட ஆண்களின் வலிக்கும் போனது.

கெகலின் யோசனையே தலைகீழாகத் திரும்பியதுதான் எனக்குப் பிடித்த திருப்பம். 1995இல் ஹோவர்ட் கிளேசர், யோனி வாயிலில் வலியுள்ள பெண்களிடம் தசையின் மின் சமிக்ஞையைத் திரையில் கோடாகக் காட்டினார். இறுக்கத்தின் பலத்தை மட்டுமல்ல, தசை ஓய்ந்திருக்கிறதா என்பதையும் அந்தக் கோடு சொன்னது.

சான்றுகளும் வந்தன. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிறுநீர்ப்பை வலியுள்ள 81 பெண்களில் தசைமுடிச்சு சிகிச்சை பெற்றவர்களில் 59 விழுக்காட்டினர் தேறினார்கள். சாதாரண மசாஜ் பெற்றவர்களில் 26 விழுக்காடு. 2021இல் கனடாவில் யோனி வாயிலில் வலியுள்ள 212 பெண்களிடம், மரப்பு மருந்துக் களிம்பை பிசியோதெரபி முந்தியது.

தொற்றும் வேறு நோயும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் வலி நீடித்தால், அடியிடுப்புப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள். உள்பரிசோதனை உங்கள் சம்மதத்தோடுதான். எந்த நொடியிலும் வேண்டாம் என்று சொல்லலாம். அவர் சோதித்துப் பார்க்கும்வரை, கெகல் செய்யச் செய்ய வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.