எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கான இயங்கலை மனநல ஆதரவு: பினாங்கு

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்கிறவர்களுக்குத் தொலைபேசி, புலனம் (வாட்ஸ்அப்), காணொலி அழைப்பு, கைப்பேசிச் செயலி ஆகியவற்றின் வழியே கிடைக்கும் ஆலோசனை, சக நோயாளிகளின் துணை, மனச்சோர்வுப் பரிசோதனை, நெருக்கடி நேர உதவி ஆகியவற்றைச் சேர்த்து இயங்கலை மனநல ஆதரவு என்கிறார்கள். மலேசியாவில் இது ஒரே கூரையின் கீழ் இல்லை. அரசு மருத்துவமனை ஒரு பக்கம், தன்னார்வ அமைப்பு ஒரு பக்கம், எல்லாருக்குமான உதவி எண் இன்னொரு பக்கம் என்று சிதறிக் கிடப்பதை நோயாளியேதான் தேடிக் கோத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாகச் சுங்கை பினாங்கைப் பார்ப்போம். பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் அதே பெயருள்ள ஆற்றை ஒட்டிய வட்டாரம் இது. ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனை இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். எச்.ஐ.வி.க்கான முதல்நிலை மருந்துகளை அரசு 2006 முதல் இலவசமாகத் தருகிறது. ஆக, மருந்துக்குப் பஞ்சமில்லை. மருந்து வாங்கப் போகும் இடத்தில் யார் கண்ணில் படுவோம் என்பதுதான் கவலை. தாதியாகவோ மருந்தக ஊழியராகவோ இருப்பவர் அடுத்த புளோக் அக்காவின் மகளாக இருக்கலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் எதிரே வரலாம். ஊருக்குள் இருக்கும் ஆலோசகரைவிட முகம் தெரியாத தொலைதூரக் குரல் சிலருக்குப் பிடித்துப்போவதற்கு இந்த நெருக்கமே காரணம்.

தொலைவிலிருந்து துணை நிற்பது இணையத்தோடு வந்த புதுமை அல்ல. மலேசியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல். மறு ஆண்டே கோலாலம்பூரில் பிங்க் டிரையாங்கிள் என்ற குழு (இன்றைய பி.டி. அறக்கட்டளை) தொலைபேசி ஆலோசனையைத் தொடங்கிவிட்டது. மருந்தே இல்லாத காலம் அது. தொலைபேசியில் கொடுக்க முடிந்தது காதும் நேரமும் மட்டுமே. மலேசிய எய்ட்ஸ் மன்றம் 1992இல் அமைந்தது. அப்போது தொற்று பெரும்பாலும் போதை ஊசி வழியே பரவியது. 2002இல் ஒரே ஆண்டில் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. 2006இல் ஊசி மாற்றுத் திட்டம் சோதனையாகத் தொடங்கியபோது பினாங்கும் அதன் முதல் களங்களில் ஒன்று. இங்கே அதை நடத்தியது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எய்ட்ஸ் செயல் ஆய்வுக் குழு. தெருவில் இறங்கி ஆளோடு ஆளாகப் பேசிய அந்தப் பணியில்தான் சக துணையின் பழக்கம் இங்கு ஊன்றியது என்று சொல்லலாம். பின்னர் மருத்துவமனைகளில் சக நோயாளிகளே புதியவர்களுக்குத் துணை நிற்கும் திட்டத்தை எய்ட்ஸ் மன்றம் நடத்திவந்தது. கோவிட் பரவலால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் நேரில் சந்திப்பது நின்றது. பேச்சு கைப்பேசிக்கு மாறியது, மாத்திரை அஞ்சலில் வந்தது.

மனநலம் இந்த நோயில் ஒட்டுச்சேர்க்கை அல்ல. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மனச்சோர்வு பொதுமக்களிடம் இருப்பதைவிடக் கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கிலாந்தில் 1997 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, நோய் கண்டறியப்பட்ட முதல் ஆண்டில் ஆண்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களிடையே இருந்ததைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. முடிவைக் கையில் வாங்கிய அந்த முதல் சில மாதங்களே ஆபத்தானவை. அந்த நேரத்தில் நோயாளிக்குக் கிடைப்பதோ அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதி. மருந்தும் சில வேளை சும்மா இருப்பதில்லை. பல ஆண்டுகள் முதல்நிலைச் சிகிச்சையில் இருந்த எஃபாவிரென்ஸ் தலைசுற்றலும் கண்முன் நடப்பதுபோன்ற கனவுகளும் தரக்கூடியது; படுக்கப்போகும்முன் விழுங்கச் சொல்வது அதனால்தான். கனவைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்தியவரிடம் அது மருந்தின் வேலை என்று சொல்ல, இரவு பதினொரு மணிக்கு ஒருவர் எடுத்துப் பேசினால் போதும்.

அப்படிப் பேசுகிறவர் முதலில் சொல்ல வேண்டியது ஆறுதல் வார்த்தை அல்ல, ஒரு மருத்துவ உண்மை: மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடிப்பவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவாது. 2016இலும் 2019இலும் வெளிவந்த பார்ட்னர் ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. கணவன், மனைவி, கல்யாணம், குழந்தை என்று அடுக்கடுக்காக வரும் பயங்களில் பாதி இந்த ஒரு செய்தியில் தணியும். தமிழில் இதைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் குரல்கள் இன்னும் குறைவு.

இப்போது இருப்பவற்றைப் பார்ப்போம். மனவேதனையில் இருப்போரின் பேச்சைக் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பு பினாங்கிலும் தொலைபேசிச் சேவை நடத்துகிறது. தமிழ் பேசுகிறவர்களை மனத்தில் வைத்துத் தற்கொலைத் தடுப்புக்கென இயங்குவது ஸ்நேகம் மலேசியா. சுகாதார அமைச்சு 2022 அக்டோபரில் ஹீல் 15555 என்ற மனநல உதவி எண்ணைத் தொடங்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. அதுவரை மனம் திறப்பவருக்குப் போலீஸ் பயமும் கூடவே இருந்தது. இந்த எண்கள் எதுவும் எச்.ஐ.வி.க்கெனத் தனியாக அமைந்தவை அல்ல. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு உருவாக்கிய ஜோம்பிரெப் செயலியில் மனநலப் பகுதியும் உண்டு, ஆனால் அது தொற்று இல்லாதவர்களுக்கான தடுப்பு மருந்தை மையமாகக் கொண்டது. நோய் வராதவருக்குச் செயலி, வந்தவருக்குப் பொது எண் என்பது விசித்திரமான பங்கீடு. நோய் வந்தவருக்கும் செயலி உதவ முடியும்: சீனாவின் குவாங்சோவில் மனச்சோர்வுள்ள எச்.ஐ.வி. நோயாளிகள் 300 பேரிடம், வீசாட் செய்திச் செயலி வழியே மன அழுத்தப் பயிற்சியும் உடற்பயிற்சி ஊக்கமும் அனுப்பிப் பார்த்த ரன்ஃபோர்லவ் ஆய்வில், பயிற்சி பெற்றவர்களின் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் குறைந்தது. எல்லாரும் அன்றாடம் புழங்கும் செயலியே போதுமானதாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் அன்றாடம் புழங்கும் செயலிக்கு ஒரு விலை உண்டு. பூட்டிய திரையிலும் தெரியும் செய்தி வரி, புலனக் குழுவில் எல்லாருக்கும் தெரியும் எண், யாரோ எடுத்துவிடும் திரைப்பிடிப்பு: ரகசியம் கசிய இவை போதும். மாத்திரை நேர அலாரத்துக்கு ‘வைட்டமின்’ என்று பெயர் வைப்பதும், குப்பியின் மேலுள்ள ஒட்டியைக் கிழித்துவிடுவதும் அதனால்தான். இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் சூழ இருக்கும் பெண்ணுக்குக் காணொலி ஆலோசனை எட்டாக்கனி. அவருக்கு எழுத்துவழி உரையாடலே கைகொடுக்கும். அனுபவமுள்ள ஆலோசகர் “எப்படி இருக்கீங்க” என்று தொடங்குவதில்லை. “இப்போ பேச முடியுமாக்கா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா” என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவார். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளைச் சார்ந்தது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. தன்னார்வலரின் கைப்பேசியில் தங்கிவிடும் உரையாடலுக்குப் பெரும்பாலும் அவருடைய நேர்மையே காவல். இந்தியாவிலோ, எச்.ஐ.வி. நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கும் தனிச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பினாங்கின் உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நிலை வேறு. வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ஃபோமேமா மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தால் வேலைக்குத் தகுதியற்றவர் என்று அறிவிக்கப்பட்டு நாடு திரும்ப வேண்டியதுதான். அதனால் சந்தேகம் வந்தாலும் அவர் வாய் திறப்பதில்லை. இந்தியா 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 தமிழிலும் பேசும், ஆனால் அது இந்தியாவுக்குள்ளிருந்து அழைப்போருக்காக அமைந்த எண். முதலாளியின் விடுதியில் ஏழெட்டுப் பேரோடு படுத்திருக்கும் அவருக்கு எஞ்சுவது, பெயரோ பெர்மிட்டோ கேட்காத பெஃப்ரெண்டர்ஸ் போன்ற எண்கள்தான். அதற்கும் அவர் கடை மூடியபின் தெருவுக்கு இறங்கி வந்து அழைக்க வேண்டும்.