வெறுங்கையாய் அனுப்பப்பட்டோர்: கல்வராயன் மலை உழைப்பாளர் வரலாறும் திருமறையின் கூலி நீதியும்

பொருளியல் நூல்கள் கூலியைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலும் உழைப்பை விலைக்கு வாங்குபவரின் இடத்தில் நின்றே பேசுகின்றன. திருமறையோ உழைப்பை விற்கவும் இயலாமல் அதைப் பறிகொடுத்தவரின் இடத்தில் நின்று பேசுகிறது. யார் உழைத்தார், யார் உண்டார் என்பதே அதன் முதற் கேள்வி. அக்கேள்வியைக் கையில் ஏந்தி, நம் மாநிலத்திற்குள்ளேயே நாம் அதிகம் அறியாத ஒரு வரலாற்றைக் காண்பது நமக்குப் பயன் தரும்.

1. மலையும் ஜாகிரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைக் கடந்து மேலேறினால், வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களைக் கொண்ட கல்வராயன் மலையை அடையலாம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி, 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. இங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்று பொருள்படும். கேரள நாட்டோடு இதற்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழியினர் தாங்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை.

மலையை ஆள்வோர் என்னும் பெயர் அவர்களுக்கு இருந்ததேயன்றி, ஆட்சி அவர்களிடம் இல்லை. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தாரர் மரபினரிடம் மலை இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் பெற்ற உரிமை என அதற்கு மரபு கூறப்படுகிறது. பிரிட்டிஷ் ஆட்சியும் இம்முறையை அப்படியே விட்டுவைத்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் சமவெளியில் பெருமாற்றம் விளைவித்த பின்னும், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்த பின்னும், ஜாகிர்தாரருக்கு வரி செலுத்துவதும் கூலியின்றி உழைப்பதும் இம்மலையில் நின்றுவிடவில்லை.

2. 'வெட்டி' என்னும் சொல்

கூலியில்லாக் கட்டாய உழைப்பிற்கு நம் மொழியில் 'வெட்டி' என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் இச்சொல் பயில்கிறது. இன்று நாம் பயனற்ற வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். பிறருக்குப் பெரும்பயன் தந்த உழைப்பு, கூலி பெறாத காரணத்தால், பயனற்ற உழைப்பு என்னும் பொருளை அடைந்துவிட்டது! உழைப்பைப் பறித்தவர்கள் உழைத்தவனின் மதிப்பையும் சேர்த்துப் பறித்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்று.

எரேமியா 22ஆம் அதிகாரத்தில் யோயாக்கீம் அரசன்மீது தீர்க்கதரிசி சுமத்தும் குற்றம் இதுவே: அயலானிடம் கூலி கொடாமல் வேலை வாங்கி அவன் மாளிகை கட்டினான். அதே பகுதியில், அவன் தந்தை யோசியா ஏழையின் வழக்கை நியாயம் விசாரித்ததே கடவுளை அறிகிற அறிவு என்று எரேமியா விளக்குகிறார். ஆகவே, கூலி நீதியை இறையியலுக்கு வெளியே உள்ள பொருளாகக் கருத நமக்கு உரிமையில்லை.

3. விடுதலை வந்த காலம்

1975 அக்டோபரில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது; 1976 பிப்ரவரியில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அச்சட்டம் அடிமைக் கடன்களை அற்றுப்போகச் செய்தது. 1976ஆம் ஆண்டிலேயே கல்வராயன் மலையில் ஜாகிர் ஆட்சி முடிவுற்று, மலை அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. அக்காலம் நெருக்கடி நிலைக் காலம் என்பதை நாம் மறத்தலாகாது. நாடெங்கும் குடிமக்களின் உரிமைகள் ஒடுக்கப்பட்டிருந்த ஆண்டிலேயே இம்மலை மக்களின் தளை அறுந்தது. கோரேசு அரசனையும் தம் கருவியாக்கிய கடவுளின் வழி நம் கணக்கிற்கு அடங்குவதன்று. அதற்காகக் கோரேசைத் தொழுவதும் தகாது.

4. வெறுங்கை

தளை அறுந்தபின் அவர்கள் கையில் இருந்தது என்ன? உபாகமம் 15ஆம் அதிகாரம், அடிமையை விடுவிக்கும்போது வெறுங்கையாய் அனுப்பலாகாது என்றும், மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாய்க் கொடுக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அதில் கூறப்படுவது தருமமன்று. ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்ட கூலி. விடுவிக்கப்பட்ட கொத்தடிமை ஒருவருக்கு 4,000 ரூபாய் மறுவாழ்வு உதவி அளிக்கும் திட்டத்தை நடுவண் அரசு 1978இல்தான் கொணர்ந்தது.

மலையிலோ முதன்மையான கேள்வி நிலமாகும். ஜாகிர் நீங்கியபின் நிலத்தின் பெரும்பகுதி காடெனக் கொள்ளப்பட, தலைமுறை தலைமுறையாய் அதை உழுதவர்கள் பட்டா இன்றி நின்றனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வநீதியைத் திருத்த எழுந்ததாயினும், நீதிமன்றத் தடையினால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்கும் பணி 2016 வரை முடங்கிக் கிடந்தது. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடன் எட்டாது; வங்கிக் கடன் எட்டாதவர் வணிகரின் முன்பணத்தை நாடுவர்; முன்பணம் வாங்கியவர் தம் மரவள்ளிக்கும் கடுக்காய்க்கும் விலை கூற இயலாது. பிழைப்புத் தேடி மலையிறங்குவோரும் முன்பணம் பெற்றே தொலைதூரத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். ஜாகிர்தாரரின் பெயர் மறைந்தது. பிணைப்பின் வடிவம் மாறியது.

எரேமியா 34இல் எருசலேமின் பெரியோர் விடுவித்த அடிமைகளை மீண்டும் பிடித்துக்கொண்டதை வாசிக்கிறோம். இக்காலத்தில் பிடிக்க ஆள் வேண்டுவதில்லை. பசியே பிடித்துக் கொடுக்கும். இவ்வுண்மையை நம் உச்ச நீதிமன்றம் 1982இல் உணர்ந்து கூறியது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பதும் கட்டாய உழைப்பே என்றும், வறுமையின் நெருக்குதலும் கட்டாயமே என்றும் அது தீர்ப்பளித்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னரே, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ஜாகிர் ஒழிந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் சாலையும் மருத்துவமும் வழக்காடிப் பெற வேண்டியவையாய் இருந்தன.

5. நம் ஊழியம்

நாம் நம் பணியை 'ஊழியம்' என்கிறோம். திருவிதாங்கூரில் இதே சொல் அரசும் கோயிலும் எளியோரிடம் கூலியின்றி வாங்கிய கட்டாய வேலையைக் குறித்தது. 1815இல் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் முயற்சியால், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு ஊழியத்தினின்றும் கோயில் ஊழியத்தினின்றும் விலக்குக் கிடைத்தது. நம் முன்னோர் அதற்காகக் கடவுளைத் துதித்தது இயல்பே. ஆனால் அதே ஒடுக்குமுறைக்குட்பட்ட மற்றவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. நம்மவருக்கு ஓய்வுநாள் கிடைத்தால் போதும் என்று அமைந்துவிடும் சோதனை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆகவே ஆயர்களும் இறையியல் மாணவரும் இரண்டு காரியங்களைச் சிந்திக்க வேண்டுகிறேன். ஒன்று, நம் சேகரத்தின் எல்லைக்குள் முன்பணத்தால் கட்டுண்டிருப்போர் யார் என்பதை, அவர் எச்சமயத்தவராயினும், நாம் அறிந்திருக்கிறோமா? கொத்தடிமைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் அவர்களுக்காகப் பேச நமக்கு வாய் உண்டு. மற்றொன்று, நம் ஆலயத்தைப் பெருக்குபவருக்கும் நம் விடுதியில் சமைப்பவருக்கும் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியை நாம் அளிக்கிறோமா? 'ஆண்டவருடைய ஊழியந்தானே' என்று கூறிக் கூலியைக் குறைப்போமாயின், அச்சொல்லை அதன் பழைய பொருளுக்கே நாம் திருப்பி அனுப்புகிறோம். யோயாக்கீம் கட்டியது மாளிகை. நாம் கட்டுவது ஆலயம். கூலி நிறுத்தப்பட்டவனின் கண்ணுக்கு இரண்டிற்கும் வேறுபாடு தெரிவதில்லை.