பழநியாண்டவர் கல்லூரியும் சந்தையியலும்

பழநியில் 1960-இல் தொடங்கப்பட்ட அருள்மிகு பழநியாண்டவர் கலை, பண்பாட்டுக் கல்லூரி, தண்டாயுதபாணி சுவாமி கோயில் தேவஸ்தானம் நடத்துவது. மதுரை காமராசர் பல்கலைக்கழக இணைப்புப் பெற்றது. இந்தியப் பண்பாட்டோடு வணிகவியலும் இங்குண்டு. இளநிலை வணிகவியலில் சந்தையியல் வழக்கமான பாடம். பண்டம், விலை, இடம், ஊக்குவிப்பு என்ற நான்கு கூறுகளை வகுத்த ஜெரோம் மெக்கார்த்தியின் நூலும் 1960-இல்தான் வந்தது. கோயில் நடத்தும் இக்கல்லூரியைப் போலவே சமயச் சார்புள்ள, நோட்ர டாம் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அவரும் பணியாற்றியவரே.

சந்தையியல் பாடத்துக்குத் தோதான உதாரணம் பழநி மலையடிவாரத்திலேயே விற்கிறது: பஞ்சாமிர்தம். வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் சேர்த்து, சொட்டுத் தண்ணீர் விடாமல் பிசைவது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழகக் கோயில் பிரசாதங்களில் இதுவே முதல். அதே ஆண்டு கொடைக்கானல் மலைப்பூண்டும் அக்குறியீட்டைப் பெற்றது. பூண்டைச் சந்தைப்படுத்த அந்த நான்கு கூறுகளே போதும்; பிரசாதத்துக்கோ வாங்குபவரின் பக்தியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.